பால்கன் பாகப்பிரிவினை: 1913 சண்டைக்குக் காரணமான கோடு தேடிப் பத்து நாள்

புறப்படும் முன்

1912 அக்டோபரில் பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மான்டினீக்ரோ ஆகிய நான்கும் கைகோத்து ஒட்டோமான் பேரரசின் மீது படையெடுத்தன. டிசம்பர் தொடக்கத்தில் போர்நிறுத்தம் வந்தபோது, முற்றுகையில் இருந்த மூன்று கோட்டை நகரங்களும் இஸ்தான்புல்லை ஒட்டிய கொஞ்ச நிலமும் போக, ஐரோப்பியத் துருக்கி முழுக்கக் கூட்டாளிகள் கையில். 1913 ஜூன் கடைசியில் அதே கூட்டாளிகள், பிடித்த நிலத்தைப் பங்கு போடுவதில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்குக் காரணம், 1912 மார்ச்சில் செர்பியாவும் பல்கேரியாவும் ரகசியமாக ஒத்துக்கொண்ட ஒரு பங்கீட்டுக் கோடு. அதன் மேலேயே நடப்பதுதான் திட்டம்: வட மாசிடோனியா, கிரீஸ், பல்கேரியா, கடைசி நாள் கொஞ்சம் செர்பியா.

இதே வழியில் போக நினைப்பவர்கள் நான்கு விஷயங்களை முதலிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும்.

விசா: கிரீஸும் பல்கேரியாவும் ஷெங்கன். வட மாசிடோனியாவும் செர்பியாவும் வெளியே. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா இந்தப் பாதைக்கு உதவாது. உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே என்று போவதால் பலமுறை நுழையும் விசா வேண்டும். வாடகைக் கார் என்றால், எல்லை தாண்டலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, கிரீன் கார்டு காப்பீட்டுத் தாளையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தை எல்லைச் சாவடியில் செல்லாது.

தேதி: அன்று அந்தக் கூட்டாளி நாடுகள் நான்கும் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன. இன்றைய கணக்குக்கு 13 நாள் கூட்ட வேண்டும். கல்வெட்டுகளில் பெரும்பாலும் பழைய தேதிதான் இருக்கும். இந்தத் தொடரில் எல்லாம் புதிய தேதி.

ஊர்ப்பெயர்: ஒரே ஊருக்கு மூன்று, நான்கு பெயர். மொனாஸ்திர் என்றால் பித்தோலா. உஸ்குப் என்றால் ஸ்கோப்யே. கொப்ருலு என்றால் வெலெஸ். குகுஷ் என்றால் கில்கிஸ். செலானிக், சோலுன், சலோனிக்கா மூன்றும் தெசலோனிக்கி. இந்தப் பட்டியலை எழுதி வைத்துக்கொள்ளாமல் பழைய வரைபடத்தைத் திறப்பது வீண்.

வரைபடம்: ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவத்தின் 1:2,00,000 தாள்கள்தான் இந்தப் பயணத்துக்கு உகந்தவை. ஒரு பொறி இருக்கிறது. அவற்றில் தீர்க்கரேகை கிரீன்விச்சிலிருந்து எண்ணப்படவில்லை. கேனரித் தீவுகளின் ஃபெர்ரோவிலிருந்து எண்ணியிருக்கிறார்கள். 17 டிகிரி 40 நிமிடம் கழிக்காமல் அப்படியே கைப்பேசியில் போட்டால் ஸ்கோப்யே கருங்கடலுக்கு நடுவில் போய் நிற்கும்.

நாள் 1: ஸ்கோப்யே – குமனோவோ

தூரம் 40 கிலோமீட்டர்தான், பேருந்து அடிக்கடி உண்டு. ஊருக்கு வெளியே செப்ர்ன்யாக் குன்றுக்கு டாக்ஸி பிடிக்க வேண்டும்.

1912 அக்டோபர் 23, 24 தேதிகளில் இங்கேதான் செர்பியாவின் முதல் படை ஒட்டோமானின் வர்தார் படையை உடைத்தது. 26ஆம் தேதி ஸ்கோப்யே சண்டையில்லாமல் விழுந்தது. இந்த இரண்டு நாளின் கணக்கு பிற்பாடு எட்டு மாதம் வழக்காடப்பட்டது, அதனால் அதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் கையெழுத்தான ராணுவ உடன்படிக்கையின்படி பல்கேரியா வர்தார் ஆற்று முனைக்கு ஒரு லட்சம் பேரை அனுப்ப வேண்டும். போருக்குச் சற்று முன்பு இரு தலைமையகங்களும் பேசி அதை மாற்றிக்கொண்டன. பல்கேரியாவின் பெரும்படை கிழக்கே திரேஸுக்கு, அதாவது இஸ்தான்புல்லுக்கு மேற்கே உள்ள பகுதிக்கு, போனது. குமனோவோவில் செர்பியர்கள் தனியாக நின்று ஜெயித்தார்கள். பிறகு செர்பியா முதல் தாளை நீட்டியது, பல்கேரியா இரண்டாவது தாளை நீட்டியது. இரண்டும் உண்மையான தாள்கள்தான்.

குன்றின் மேல் இருக்கும் நினைவுச் சின்னம் 1937இல் எழுப்பியபோது 48.5 மீட்டர் உயரம். 1942இல், இந்தப் பகுதியைப் பிடித்திருந்த பல்கேரியர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சியது அடித்தளம் மட்டும். அதைத் திரும்பக் கட்டாமல் விட்டதே நல்லது என்று தோன்றுகிறது. முதல் நாளே பயணத்தின் முழுக் கதையையும் அந்த மொட்டைத் தளம் சொல்லிவிடுகிறது.

நாள் 2: கிரிவா பலன்கா, கோட்டின் தொடக்கம்

குமனோவோவிலிருந்து கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர். ஊர் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறினால் தேவே பைர் கணவாய், அதற்கப்பால் பல்கேரியா. 1912இல் பல்கேரியாவுக்கும் துருக்கிக்கும் நடுவில் இருந்த எல்லையும் இதே கணவாய்தான். பல்கேரியப் பக்கம் ரயில் க்யுவெஷேவோ வரை வந்து நின்றுவிடுகிறது. இந்தப் பக்கத்துத் தண்டவாளத்தோடு இன்றும் அது இணையவில்லை.

கணவாய்க்கு வடக்கே எல்லை முகட்டில் உள்ள கோலெம் வர்ஹ் என்ற சிகரத்திலிருந்துதான் கோடு புறப்படுகிறது. 1912 மார்ச் 13இல் செர்பியாவும் பல்கேரியாவும் கையெழுத்திட்ட உடன்படிக்கைக்கு ஒரு ரகசியப் பின்னிணைப்பு உண்டு. அது நிலத்தை மூன்றாகப் பிரிக்கிறது. ஷார் மலைக்கு வடக்கும் மேற்கும் செர்பியாவுக்கு. ரோதோப்பி மலைக்கும் ஸ்த்ரூமா ஆற்றுக்கும் கிழக்கே பல்கேரியாவுக்கு. நடுவில் உள்ளது தன்னாட்சி மாகாணமாக இருந்தால் நல்லது. அது முடியாதென்றால் கோலெம் வர்ஹிலிருந்து தென்மேற்காக ஓஹ்ரித் ஏரி வரை ஒரு கோடு. கோட்டுக்குத் தெற்கே எதையும் கேட்பதில்லை என்று செர்பியா ஒப்புக்கொண்டது. வடக்கே ஸ்கோப்யே, குமனோவோ, தெத்தோவோ, தெபார், ஸ்த்ருகா அடங்கிய துண்டு தகராறுப் பகுதி. அதை ரஷ்யப் பேரரசர் மத்தியஸ்தராக இருந்து தீர்ப்பார்.

வார்த்தைகளைப் படித்தால் நம் நிலப்பத்திரங்களில் செக்குபந்தி எழுதுவதுபோலவே இருக்கும்: கித்கா மலை வழியாக, இந்த இரண்டு கிராமங்களுக்கு நடுவே, நீர்பிரிமேட்டைத் தொடர்ந்து 1000ஆம் சிகரம், அங்கிருந்து 1050ஆம் சிகரம், மறுபடி ஒரு 1050, மறுபடி ஒரு 1000. மலைக்குப் பெயர் தெரியாத இடங்களில் வரைபடத்தில் அச்சாகியிருந்த உயரத்தையே பெயராக எழுதிவிட்டார்கள். எழுதியவர்கள் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். தரையில் நடப்பவருக்கு ஒரே எண்ணில் இரண்டு சிகரம் என்பது பெரிய தலைவலி. எண்ணை விட்டுவிட்டு, அதன் இருபுறமும் சொல்லப்படும் கிராமங்களை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவே ஓடும் முகட்டைப் பிடிப்பதுதான் வழி. கிராமங்களின் பெயர் கொஞ்சம் மாறியிருந்தாலும் பெரும்பாலும் அடையாளம் தெரியும்.

எல்லை முகட்டில் நடக்க ஆசைப்பட வேண்டாம். அது ஷெங்கனின் வெளி எல்லை. ஊரை ஒட்டியுள்ள ஓசோகோவோ மடம் வரை போனாலே மலைத்தொடரின் போக்கு புரிந்துவிடும்.

நாள் 3: வெலெஸ்

ஸ்கோப்யேயிலிருந்து தெற்கே 50 கிலோமீட்டர். பேருந்தைவிட ரயில் நல்லது, ஏனென்றால் இன்று பார்க்க வேண்டியதே ரயில் பாதைதான்.

கோடு வர்தார் ஆற்றை வெத்தெர்ஸ்கோ, சோபோத் கிராமங்கள் வழியாக, வெலெஸுக்குச் சற்று வடக்கே கடக்கிறது. ஸ்கோப்யேயையும் தெசலோனிக்கியையும் இணைக்கும் ரயில் 1870களில் இதே பள்ளத்தாக்கில் போடப்பட்டது. கோட்டை அப்படியே அமல்படுத்தியிருந்தால் என்ன ஆகும் என்று வண்டி சன்னலிலிருந்து எளிதாக எண்ணிப் பார்க்கலாம். ஸ்கோப்யே செர்பியாவுக்குக் கிடைத்தாலும் வெலெஸிலிருந்து கீழே முழுப் பாதையும் பல்கேரியாவின் கையில். செர்பியாவின் கால்நடையும் தானியமும் கடலுக்குப் போக வேண்டுமென்றால் பல்கேரியச் சுங்கச் சாவடி வழியேதான். செர்பியாவுக்கும் கிரீஸுக்கும் பொது எல்லையே இருக்காது, நடுவில் ஏரி வரை பல்கேரியா.

1912 மார்ச்சில் செர்பியா இதற்கு ஏன் சம்மதித்தது? ஏட்ரியாடிக் கடற்கரையில் ஒரு துறைமுகம் கிடைக்கும் என்ற கணக்கில்தான். அந்தக் கணக்கு பின்னிணைப்பில் எந்த வரியிலும் இல்லை. அதுதான் அதன் குறை.

நாள் 4: ஸ்த்ருகா – ஓஹ்ரித், கோட்டின் முடிவு

ஸ்கோப்யேயிலிருந்து ஓஹ்ரித் சுமார் 170 கிலோமீட்டர், மலைப்பாதை, மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

கோட்டின் கடைசி வரி: லிவோயிஷ்டா, கோரென்சி கிராமங்களுக்கு நடுவே இறங்கி, ஏரிக்கரையில் கபோவ்சி மடம். இரண்டு கிராமங்களும் இன்றும் இருக்கின்றன. ஏரியின் வடகரையில் ஸ்த்ருகாவுக்கும் ஓஹ்ரிதுக்கும் 14 கிலோமீட்டர்தான். அதற்குள் கோடு விழுகிறது. ஸ்த்ருகா மத்தியஸ்தருக்கு, ஓஹ்ரித் நேராகப் பல்கேரியாவுக்கு. சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். எந்தக் கல்லும் பலகையும் கிடையாது, ஏனென்றால் இந்தக் கோடு ஒருநாள்கூட எல்லையாக இருந்ததில்லை.

ஏரிக்கு மேற்கே தெரியும் மலைகள் அல்பேனியா. செர்பியப் படை வடக்கு அல்பேனியா வழியாக நடந்து 1912 நவம்பர் கடைசியில் துர்ரெஸ் துறைமுகத்தில் கால் வைத்தது. நவம்பர் 28இல் வ்லோராவில் அல்பேனியா தன்னை விடுதலை நாடாக அறிவித்தது. ஆஸ்திரியா-ஹங்கேரி அதைத் தாங்கிப் பிடித்தது, இத்தாலியும் சேர்ந்துகொண்டது. லண்டனில் டிசம்பரில் கூடிய பேரரசுத் தூதர்கள் மாநாடு அல்பேனியாவை ஏற்றுக்கொண்டது. செர்பியா கடலைவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மேற்கே இழந்ததைத் தெற்கே வர்தாரில் எடுத்துக்கொள்வது என்று பெல்கிரேட் முடிவு செய்தது அப்போதுதான்.

1913 தொடக்கத்திலிருந்து செர்பியப் பிரதமர் நிக்கோலா பாஷிச் உடன்படிக்கையைத் திருத்தக் கேட்டார். அவர் வாதங்களை வரிசைப்படுத்தினால்: ஒரு லட்சம் பேர் வரவில்லை, அதற்கு மாறாக செர்பியாதான் இரண்டு டிவிஷனையும் முற்றுகைப் பீரங்கிகளையும் பல்கேரியர் முற்றுகையிட்டிருந்த அத்ரியானோப்பிளுக்கு (இன்றைய எதிர்னே) அனுப்பியது, கடல் போய்விட்டது, பல்கேரியாவுக்குத் திரேஸில் எதிர்பாராத லாபம். பல்கேரியாவின் பதில் ஒன்றே: பத்திரத்தில் கடலும் இல்லை, அத்ரியானோப்பிளும் இல்லை, கோடு இருக்கிறது. போதாததற்கு, மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படையோடு கிர்க் கிலிசே, லுலே புர்காஸ் என்ற களங்களில் ஒட்டோமானின் பெரும்படையைத் தாங்கள் திரேஸில் கட்டிப்போட்டதால்தான் குமனோவோ சாத்தியமானது என்றார்கள். அதுவும் சரி. ஒரு பக்கம் பத்திரம், மறுபக்கம் அனுபவ பாத்தியதை. கோர்ட்டுக்குப் போயிருந்தால் பல்கேரியா ஜெயித்திருக்கும். நிலத்தில் நின்றவர்கள் செர்பியர்கள்.

நாள் 5: பித்தோலா

ஓஹ்ரிதிலிருந்து 70 கிலோமீட்டர். ஷிரோக் சோகாக் என்ற நடைவீதியில் இருந்து தொடங்கலாம். ஒட்டோமான் காலத்தில் வல்லரசுகளின் துணைத்தூதரகங்கள் நிறைந்திருந்த ஊர் இது. முஸ்தபா கமால் படித்த ராணுவப் பள்ளிக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.

மூன்று நாடும் விரும்பிய ஊர். பத்திரப்படி பல்கேரியாவுக்கு. கிரேக்கப் பட்டத்து இளவரசர் கான்ஸ்டன்டைன் படையை இங்கே திருப்பத் துடித்தார். பிரதமர் வெனிசெலோஸ் முடியாது, முதலில் தெசலோனிக்கி என்று உத்தரவிட்டார். அப்படியும் ஒரு டிவிஷன் வடக்கே வந்தது. சோரோவிச் என்ற இடத்தில், இன்றைய அமின்தேயோவில், ஒட்டோமான்களிடம் அடிபட்டுப் பின்வாங்கியது. 1912 நவம்பர் 16 முதல் 19 வரை சண்டையிட்டு ஊரைப் பிடித்தது செர்பியா. 1915இல் பல்கேரியா ஜெர்மனியோடு வந்து எடுத்துக்கொண்டது, 1916 நவம்பரில் பிரெஞ்சு, செர்பியப் படைகள் திரும்பப் பிடித்தன. பிரெஞ்சு, ஜெர்மன் கல்லறைத் தோட்டங்கள் இரண்டும் அந்தக் காலத்தவை. நேரம் குறைவென்றால் ஜெர்மன் தோட்டம் போதும். அங்கிருந்து சமவெளி முழுவதும் தெரியும், ஊருக்காக ஏன் அடித்துக்கொண்டார்கள் என்பதும் தெரியும்.

நாள் 6: நீக்கி எல்லை – கேஃபிரா

பித்தோலாவிலிருந்து 14 கிலோமீட்டரில் மெஜித்லியா, அந்தப் பக்கம் கிரீஸின் நீக்கி. எல்லை தாண்டும் பேருந்தை நம்ப முடியாது; ஃப்ளோரினா வரை டாக்ஸி பேசிக்கொண்டு, அங்கிருந்து தெசலோனிக்கி பேருந்தில் 160 கிலோமீட்டர். நுழைவு முறையாகப் பதிவானதா என்று கேட்டுக்கொள்ளவும்.

தெசலோனிக்கிக்கு 25 கிலோமீட்டர் முன்னால் கேஃபிரா. பழைய பெயர் தோப்சின். வர்தார் ஆறு கிரீஸுக்குள் அக்சியோஸ் ஆகிறது, அதன் பாலத்துக்கருகே இந்த ஊர். மொதியானோ குடும்பத்தின் பண்ணை வீட்டில்தான் கிரேக்கப் படைத் தலைமையகம் இருந்தது. இப்போது அது பால்கன் போர் அருங்காட்சியகம். நகரை ஒப்படைத்த ஒட்டோமான் தளபதி ஹசன் தாஹ்சின் பாஷாவின் கல்லறையும் அவர் மகன் கெனான் மெசாரேயின் கல்லறையும் இந்த வளாகத்திலேயே. சரணடைந்தவரை ஜெயித்தவர்கள் தங்கள் அருங்காட்சியக முற்றத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஏன் என்பது நாளைக்குப் புரியும்.

நாள் 7: தெசலோனிக்கி

கிரேக்க-பல்கேரிய உடன்படிக்கை 1912 மே 29இல் கையெழுத்தானது. அதில் கோடே கிடையாது. எந்த நிலம் யாருக்கு என்று ஒரு வரிகூட இல்லை. கிரேக்கப் படை சிறியது, அதிக தூரம் வராது என்று சோஃபியா கணக்குப் போட்டது. அவர்களுக்கு வேண்டியது கிரேக்கக் கப்பற்படை. ஏஜியன் கடலில் துருக்கியத் துருப்புக் கப்பல்கள் நடமாடாமல் தடுப்பதுதான் கிரீஸின் வேலை என்று நினைத்தார்கள். அந்த வேலையை கிரேக்கக் கப்பற்படை செய்தது. தரைப்படையும் நடந்து வந்துவிட்டது. கோடு இல்லாத உடன்படிக்கையில் முதலில் வருபவருக்கு நிலம் என்று யாரும் எழுதவில்லைதான். ஆனால் எல்லோரும் அப்படித்தான் ஓடினார்கள்.

1912 நவம்பர் 8, பழைய கணக்கில் அக்டோபர் 26, ஊரின் காவல் புனிதர் தெமெத்ரியோஸின் திருநாள். அன்று தாஹ்சின் பாஷா சுமார் 26,000 வீரர்களோடு கிரேக்கர்களிடம் சரணடைந்தார். கையெழுத்தான இடம் ஆளுநர் மாளிகை. மேல் ஊருக்குப் போகும் வழியில் இன்றும் அமைச்சகக் கட்டடமாக நிற்கிறது. அந்த நேரத்தில் ஜெனரல் தோதோரோவின் பல்கேரிய ஏழாம் டிவிஷன் வடக்கே ஒரு நாள் நடைதூரத்தில். அவர்களும் சரண் கேட்டார்கள். நகரம் ஒன்றுதான், அதை ஒருமுறைதான் கொடுக்க முடியும் என்று பாஷா கைவிரித்ததாகச் சொல்வது வழக்கம்.

பல்கேரியர்கள் திரும்பிப் போகவில்லை. டிவிஷனோடு இளவரசர்கள் போரிஸும் கிரிலும் வந்திருந்தார்கள். மழையில் நனைந்த இளவரசர்கள் ஓய்வெடுக்கட்டும் என்று இரண்டு பட்டாலியனுக்குக் கிரேக்கர்கள் இடம் கொடுத்தார்கள். உள்ளே நுழைந்தது அதைவிட மிக அதிகம். அன்றிலிருந்து ஒரு நகரம், இரண்டு படை. விருந்தாளி என்றது ஒரு தரப்பு, கூட்டு உரிமையாளர் என்றது மறு தரப்பு. கிரேக்க மன்னர் முதலாம் ஜார்ஜ் ஏதென்ஸை விட்டு இங்கேயே வந்து தங்கினார். அரசரே குடியிருக்கும் ஊரை யாரும் தகராறு நிலம் என்று சொல்ல முடியாது என்பது கணக்கு. 1913 மார்ச் 18இல் வெள்ளைக் கோபுரம் பக்கம் நடந்துவிட்டுத் திரும்பும்போது அவரை ஸ்கீனாஸ் என்ற கிரேக்கர் சுட்டுக் கொன்றார்.

மக்கள்தொகையை வைத்து நியாயம் பேசியவர்களுக்கு இந்த ஊர் எப்போதும் சங்கடம். 1913இல் கிரேக்க நிர்வாகமே எடுத்த கணக்கில் மொத்தம் 1,57,889 பேர். யூதர் 61,439, முஸ்லிம் 45,867, கிரேக்கர் 39,956, பல்கேரியர் 6,263. சண்டை போட்ட இரு தரப்பையும் கூட்டினாலும் யூதர்களை எட்டவில்லை. அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

1913 ஜூன் 1இல் இதே ஊரில் கிரீஸும் செர்பியாவும் பல்கேரியாவுக்கு எதிராக உடன்படிக்கை செய்துகொண்டன. வர்தாரில் பொது எல்லை, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவி. ஜூன் கடைசியில் ஊருக்குள் மிச்சமிருந்த பல்கேரியர் ஒரு பட்டாலியன், சுமார் 1,300 பேர். ஜூன் 30 அன்று வெளியேறச் சொல்லிக் கெடு விதித்து, இரவெல்லாம் தெருத்தெருவாகச் சண்டை, விடிந்ததும் சரண்.

பார்க்கும் வரிசை: ஆளுநர் மாளிகை, பழைய கிரேக்கத் துணைத்தூதரகத்தில் உள்ள மாசிடோனியப் போராட்ட அருங்காட்சியகம், பிறகு கடற்கரை வழியே வெள்ளைக் கோபுரம். நடந்தே முடியும். ஊரின் மேற்கு வாயில் சாலைக்கு அக்டோபர் 26 தெரு என்று பெயர். புதிய நாட்காட்டிக்கு மாறிய பிறகும் கிரேக்கர்கள் எண்ணை மாற்றவில்லை. திருநாளை விட்டுவிட்டு நவம்பர் 8ஐக் கொண்டாட யாருக்கும் மனம் வரவில்லை. காப்பக ஆவணத்தில் அக்டோபர் 26 என்று பார்த்து, பழையதா புதியதா என்று குழம்பும் இடம் இதுதான். கிரேக்கத் தாள் என்றால் 13 கூட்டுங்கள், தூதரகத் தந்தி என்றால் பெரும்பாலும் புதியது.

நாள் 8: கில்கிஸ் – தோய்ரான்

வடக்கே 50 கிலோமீட்டர். ஊரின் முதன்மைத் தெருவுக்கு ஜூன் 21 என்று பெயர். புதிய கணக்கில் 1913 ஜூலை 4.

ஜூன் 29 இரவு பல்கேரியப் படை, செர்பியர், கிரேக்கர் இருவர் மீதும் ஒரே நேரத்தில் பாய்ந்தது. உத்தரவிட்டவர் ஜெனரல் சாவோவ், பின்னணியில் மன்னர் ஃபெர்டினாண்ட். காரணத்தைப் பெருமை, ஆத்திரம் என்று முடித்துவிடுவார்கள். நடைமுறைக் காரணம் வேறு. படை 1912 செப்டம்பரிலிருந்து திரட்டிய நிலையிலேயே இருக்கிறது. வீரர்கள் எல்லோரும் குடியானவர்கள், வயலில் கோதுமை முற்றிவிட்டது, முகாம்களில் கலகம் ஆரம்பித்துவிட்டது. ஒன்று சண்டை போடு, இல்லை வீட்டுக்கு அனுப்பு என்று சாவோவ் அரசுக்குக் கெடு வைத்தார். ஆள் கலைந்துவிட்டால் மத்தியஸ்தத்துக்குப் போகும்போது கையில் எதுவும் இருக்காது. இரண்டு நாள் அடித்து, பிடித்த இடத்தில் நின்றுகொண்டு, பிறகு ரஷ்யாவிடம் தீர்ப்புக் கேட்கலாம் என்பது எண்ணம். தாக்குதல் தொடங்கிய இரண்டு நாளில் பிரதமர் தானேவ் நிறுத்தச் சொன்னார். சாவோவ் பதவி இழந்தார். சில முனைகளில் பல்கேரியர் சுடுவதை நிறுத்தினார்கள், எதிரே இருந்தவர்கள் நிறுத்தவில்லை. பாதிப் போருக்குத் திட்டமிட்டுத் தொடங்கினால் மறுபாதியை எதிரி நடத்துவான்.

இங்கே ஜூலை 2 முதல் 4 வரை மூன்று நாள், திறந்த சமவெளியில், மேட்டில் பதுங்கு குழிகளில் இருந்த பல்கேரியரை நோக்கிக் கிரேக்கக் காலாட்படை ஏறியது. கிரேக்கத் தரப்பில் இறந்தவரும் காயம்பட்டவரும் 8,000க்கு மேல். ஊர் எரிந்தது, பல்கேரியர் ஊரைவிட்டுப் போய்த் திரும்பவே இல்லை. மாசிடோனியப் புரட்சியாளர் கோத்சே தெல்செவ் பிறந்த ஊர் இது என்பதற்கு இன்று இங்கே எந்த அடையாளமும் எதிர்பார்க்க வேண்டாம். போர் அருங்காட்சியகம் நினைவுக் குன்றின் மேல். அங்கிருந்து தெற்கே பார்த்தால் ஏறி வந்தவர்களுக்கு ஒதுங்க ஒரு மரமும் இல்லை என்பது தெரியும்.

பிற்பகலில் தோய்ரான் ஏரி. பல்கேரியரின் சரக்குக் கிடங்கு இங்கே இருந்தது. ஜூலை 6இல் அதுவும் போனதும் தெற்குப் படை வடக்கே ஓட்டம் பிடித்தது. ஏரிக்கு நடுவே இன்று எல்லை ஓடுகிறது.

நாள் 9: க்ரெஸ்னா பள்ளத்தாக்கு

தெசலோனிக்கியிலிருந்து ப்ரோமகோனாஸ் – குலாத்தா எல்லை 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2025 ஜனவரி முதல் இங்கே கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 2026 ஜனவரி முதல் பல்கேரியாவிலும் யூரோதான், பழைய லெவ் நாணயம் மாற்ற வேண்டாம்.

ஸ்த்ரூமா அதிவேக நெடுஞ்சாலை எல்லாம் முடிந்து, இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் பழைய இருவழிச் சாலை. லாரி வரிசையில் மாட்டினால் 17 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும், காலையிலேயே கடந்துவிடுங்கள். இருபுறமும் பாறைச் சுவர், கீழே ஆறு, ஒரு சாலை, ஒரு தண்டவாளம். 1913 ஜூலையில் கிரேக்கப் படை இதற்குள் நுழைந்தபோது தெசலோனிக்கியிலிருந்து உணவும் குண்டும் வர வேண்டிய தூரம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டிருந்தது. செர்பிய முனை ஓய்ந்துவிட்டதால் பல்கேரியர் அங்கிருந்து படையைத் திருப்பி இரு பக்கமும் சுற்றத் தொடங்கினார்கள். வெல்லும் படையாக வந்த கான்ஸ்டன்டைன் போர்நிறுத்தம் கேட்கும்படி ஆயிற்று. ஆனால் அதற்குள் வடக்கிலிருந்து போரில் குதித்த ருமேனியா எதிர்ப்பே இல்லாமல் சோஃபியாவை நெருங்கியிருந்தது, துருக்கி அத்ரியானோப்பிளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஜூலை 31இல் சண்டை நின்றது.

ஆகஸ்ட் 10, புக்கரெஸ்ட் உடன்படிக்கை. கடைசி இழுபறி கவாலா துறைமுகம், புகையிலை வணிகத்தின் வாசல். ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பல்கேரியாவுக்குக் கொடுக்கச் சொன்னன. பிரான்சும் ஜெர்மனியும் கிரீஸுக்கு. ஜென்ம விரோதிகளான இரண்டு ஜோடியும் இப்படிக் கலைந்து சேர்ந்தது அபூர்வம். கைசர் வில்ஹெல்முக்குக் கான்ஸ்டன்டைன் தங்கை கணவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கவாலா கிரீஸுக்கே போனது. அன்றைய மாசிடோனியாவில் (இன்றைய வட மாசிடோனியாவைவிடப் பெரிய நிலம்) ஏறக்குறைய பாதி கிரீஸுக்கு, ஐந்தில் இரண்டு பங்கு செர்பியாவுக்கு, பல்கேரியாவுக்குப் பத்தில் ஒன்று. அதிக ஆள் பலிகொடுத்தவருக்குக் குறைந்த பங்கு. பேருந்து இப்போது ஓடுவது அந்தப் பத்தில் ஒன்றில்தான்.

நாள் 10: சாரிப்ரோத்

சோஃபியாவிலிருந்து வடமேற்கே 60 கிலோமீட்டர் சொச்சம், கலோத்தினா எல்லை தாண்டி செர்பியாவின் திமித்ரோவ்கிராத். பழைய பெயர் சாரிப்ரோத். ஐரோப்பாவுக்கும் துருக்கிக்கும் போகும் லாரிகளில் பல இந்தச் சாவடியில் கூடும். கோடை விடுமுறையில் கார் வரிசையும் மணிக்கணக்கில் நிற்கும்; ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளைத் தவிர்க்கவும்.

இங்கே பார்க்க வேண்டியது எல்லை ரயில் நிலையம் மட்டும். 1913 ஜூன் 1 அன்று பல்கேரியப் பிரதமர் கெஷோவும் செர்பியப் பிரதமர் பாஷிச்சும் இந்த ஊரில் சந்தித்துப் பேசினார்கள். நான்கு நாட்டுப் பிரதமர்களும் கூடிப் பேசலாம், பிறகு ரஷ்யாவிடம் போகலாம் என்பது வரை பேச்சு வந்தது. கெஷோவ் அதற்கு முன்பே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டிருந்தார், பாஷிச்சுக்கு அது தெரியாது. தெசலோனிக்கியில் அதே நாளில் கிரேக்கரோடு கையெழுத்தாகிக்கொண்டிருந்த தாளைப் பற்றிப் பாஷிச்சும் வாய் திறக்கவில்லை.

அன்று இது பல்கேரிய ஊர். முதல் உலகப் போருக்குப் பின் 1919 நெய்யி உடன்படிக்கை எல்லையைக் கிழக்கே தள்ளியது. ஊர் செர்பியர் பக்கம் வந்தது. கடைத்தெருவில் இன்றும் பல்கேரியப் பேச்சு காதில் விழும். சோஃபியா திரும்பும் பேருந்துகள் குறைவு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சோஃபியாவுக்கும் இந்த ஊருக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு.